மேமத் மலையும் மெக்காய் தம்பதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் மேமத் மௌன்டன் பனிச்சறுக்கு மையத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதை உருவாக்கிய டேவ் மெக்காய், ரோமா மெக்காய் தம்பதியைப் பற்றித்தான் வாசகர்கள் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

யார் இவர்கள்? இந்த மலை எங்கே இருக்கிறது?

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 395-ம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டியே சாலை ஓடும். ஏறக்குறைய 300 மைல் போனதும் மேமத் லேக்ஸ் என்ற சிற்றூர் வரும். அதன் தலைக்கு மேல் நிற்பதுதான் மேமத் மலை. உச்சி 11,053 அடி. இன்று சுமார் 3,500 ஏக்கரில் பனிச்சறுக்குப் பாதைகள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் குளிர்கால வாரக்கடைசியில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் இடம் இது.

இந்த மையத்தைக் கட்டியது ஒரு கணவனும் மனைவியும். டேவ் 1915 ஆகஸ்ட் 24 அன்று லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய எல் செகுன்டோவில் பிறந்தார். ரோமா, மலையடிவாரத்தில் இருக்கும் பிஷப் ஊர்க்காரர். 1941-ல் திருமணம். 2020-ல் டேவ் 104 வயதில் காலமானபோது அவர்களுடைய மணவாழ்க்கைக்கு 78 வயது. அந்த 78 ஆண்டுகளும் இந்த மலையைச் சுற்றியேதான் கழிந்தன.

டேவ் பனி பெய்யும் ஊரில் வளர்ந்தவரா?

எல் செகுன்டோ கடற்கரை ஊர். அங்கே பனி ஏது? பெற்றோர் பிரிந்த பிறகு அவர் வாஷிங்டன் மாநிலத்தில், வில்க்சன் என்ற சிற்றூரில் இருந்த தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனார். பனிச்சறுக்கு அவருக்கு அறிமுகமானது அங்கேதான். பள்ளியில் மரவேலை வகுப்பில் தனக்கான பனிச்சறுக்குப் பலகைகளைத் தானே செய்துகொண்டார். அதற்கு முன்பே, சிறுவனாக இருந்தபோது, கிழக்கு சியராவை ஒருமுறை பார்த்திருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்த மலைகளைத் தேடித்தான் வந்தார். 1930-களின் நடுப்பகுதி, நாடே பொருளாதார மந்தத்தில் இருந்த நேரம். இன்டிபென்டன்ஸ் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கிடைத்த வேலையில் சேர்ந்தார்.

அவருடைய உண்மையான தொழில் என்ன? பனியை அளந்தார் என்கிறார்களே, அது என்ன வேலை?

மெக்காய் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பலரும் ஒரே வரியில் கடந்துவிடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பெரும்பகுதி இந்த மலைகளின் பனிதான். 1913-ல் திறந்த 233 மைல் நீளக் கால்வாய் ஓவன்ஸ் பள்ளத்தாக்குத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுபோகிறது. வசந்தத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று குளிர்காலத்திலேயே தெரிந்தாக வேண்டும். அதற்காக நகரத்தின் தண்ணீர் மற்றும் மின்சாரத் துறை ஆட்களை மலைக்கு அனுப்பியது. அப்படிப் போனவர்களில் ஒருவர் டேவ். நீரளவையாளர் என்பது பதவியின் பெயர். வேலை என்னவோ, பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பனியில் நடப்பதும் சறுக்குவதும்.

அளக்கும் முறை இப்படி. மெல்லிய உலோகக் குழாய் ஒன்று. அதன் ஒரு முனையில் ரம்பப் பற்கள். குறித்து வைத்த இடத்தில் அதைப் பனிக்குள் திருகித் திருகி, தரை தட்டும்வரை இறக்க வேண்டும். வெளியே எடுத்ததும் முனையில் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மண் இருந்தால் அடிவரை போயிருக்கிறது என்று அர்த்தம். மண்ணைச் சுரண்டிவிட்டு, பனி நிறைந்த குழாயை வில் தராசில் மாட்டி எடை பார்ப்பார்கள். ஓர் அவுன்ஸ் எடைக்கு ஓர் அங்குலம் தண்ணீர் என்று கணக்கு வரும்படி குழாயின் விட்டத்தையே அமைத்திருப்பார்கள். அதனால் மலையில் நின்றபடி, காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டே விடை சொல்லிவிடலாம். பத்தடி பனி என்றால் பத்தடி தண்ணீர் இல்லை. புதுப்பனி பஞ்சாக இருக்கும், பழைய பனி இறுகிக் கிடக்கும். ஆழத்தை மட்டும் பார்க்கிறவன் ஏமாறுவான், எடையைப் பார்க்கிறவனுக்குத்தான் உண்மை தெரியும்.

இந்த வேலைக்காக ஆண்டுக்கணக்கில் மலைமலையாகச் சுற்றியவருக்கு எந்தச் சரிவில் காற்று பனியை அள்ளிக்கொண்டு போகிறது, எந்தச் சரிவில் கொண்டுவந்து கொட்டுகிறது, எங்கே வசந்தம் முடிந்தும் பனி நிற்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. மேமத் மலை நிற்கும் இடத்தில் சியரா தொடரின் முதுகு தாழ்ந்து ஓர் இடைவெளி விடுகிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் புயல்கள் அந்த வழியாக நுழைந்து மலைமேல் பனியைக் கொட்டுகின்றன. அக்கம்பக்கத்து மலைகளைவிட இங்கே பனி அதிகம் என்பதை அளந்து அறிந்தவர் அவர். ஒரு சுற்றுலா மையத்துக்கு இதைவிட நல்ல ஆய்வறிக்கை இருக்க முடியாது என்பேன்.

85 டாலர் கடன் கதை உண்மையா?

உண்மைதான். அந்தக் கடன் கிடைத்ததில் ரோமாவின் பங்கு பெரியது.

1930-களில் பனிச்சறுக்கு என்றால் மலை ஏறுவதும் உன் காலில்தான், இறங்குவதும் உன் காலில்தான். ஒருமுறை சறுக்கி இறங்க ஒரு மணி நேரம் ஏற வேண்டியிருக்கும். இதற்கு வழியாக வந்தது இழுவைக் கயிறு. ஒரு பழைய கார் அல்லது லாரியின் எஞ்சினைக் கீழே நிறுத்தி, அதன் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, மேலே ஒரு கப்பி வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டால் ஆயிற்று. ஓடுகிற கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் அது நம்மை மேலே இழுத்துப்போகும். கையுறை தேய்ந்துபோகும், தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும். ஆனாலும் ஒரு நாளில் இரண்டு தடவை சறுக்கியவர்கள் இருபது தடவை சறுக்கலாம்.

டேவ் முதலில் அங்கங்கே தூக்கிக்கொண்டு போய் மாட்டும் கயிற்றை வைத்திருந்தார். 1938 வாக்கில், மேமத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் மக்கீ மலையில் நிரந்தரமாக ஒன்று நிறுவ ஆசை. பிஷப்பில் இருந்த வங்கிக்குப் போய் 85 டாலர் கடன் கேட்டார். அடமானம் வைக்க அவரிடம் இருந்தது ஒரு ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள். மேலாளர் முடியாது என்றுவிட்டார். அதே வங்கியில்தான் ரோமா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விடவில்லை. இந்த ஆள் கடனை அடைப்பார், கொடுங்கள் என்று மேலாளரிடம் மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தார். இன்று பல்லாயிரம் பேர் வந்துபோகும் ஒரு மையத்தின் முதல் மூலதனம் அந்த 85 டாலர். டேவின் திறமையை முதலில் நம்பிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர் ரோமா. அப்போது இருவருக்கும் இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

ரோமாவும் பனிச்சறுக்கு வீராங்கனையா, அல்லது கூடவே இருந்தவரா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். டேவைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள், ரோமாவுக்கு வங்கிக் கதையோடு முடித்துவிடுகிறார்கள்.

ரோமா தானே பனிச்சறுக்குப் பந்தயங்களில் கலந்துகொண்டவர். ஆரம்ப காலத்தில் டேவ் எஞ்சினோடு போராடிக்கொண்டிருக்கும்போது, வந்தவர்களிடம் ஆளுக்கு 50 சென்ட் வசூலித்தவர் அவர்தான். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். பந்தயப் பயிற்சிக்கு வந்த பிற வீட்டுப் பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டார்கள், தங்கினார்கள். வந்த பணமெல்லாம் ஆட்களை மலைமேல் ஏற்றும் அடுத்த லிஃப்டுக்கே போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ஒரு குடும்பத்தை ஓட்டுவது லேசான காரியம் இல்லை. மாதச் சம்பளம் வரும் அரசு வேலையைக் கணவர் விட்டுவிட்டு, ஒரு காட்டு மலையை நம்பி இறங்கும்போது கூடவே இறங்கியவர் அவர். மேமத் இருவர் கட்டியது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

டேவின் கால் உடைந்தது எப்போது?

1942-ல், ஷுகர் போல் என்ற இடத்தில் நடந்த ஒரு பந்தயத்தில். கால் பல துண்டாக நொறுங்கியது. காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர்கள் பேசும் அளவுக்குப் போனது. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு கால் தப்பியது, அவரும் மறுபடி பலகையில் ஏறினார். அந்த விபத்துக்குப் பிறகு அவருடைய கவனம் மெல்ல மெல்லப் பந்தயத்திலிருந்து பயிற்சி கொடுப்பதற்கும் லிஃப்ட் கட்டுவதற்கும் திரும்பியது.

மேமத் மலை எப்படி அவர்கள் கைக்கு வந்தது? விலைக்கு வாங்கினார்களா?

மலை அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. அது இன்யோ தேசிய வனத்துக்குள் இருக்கும் அரசு நிலம். அமெரிக்க வனத்துறை அனுமதி கொடுத்தால் லிஃப்ட் கட்டலாம், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டேவ் இழுவைக் கயிறுகளை மேமத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். சாலை பனியில் மூடிவிடும். அதனால் ராணுவம் கழித்துவிட்ட, வீசல் என்ற பெயருள்ள சங்கிலிச் சக்கர வண்டிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். அப்புறம் 1953-ல் வனத்துறை, முறையான மையம் கட்ட யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டது. பணமுள்ளவர்கள் யாரும் வரவில்லை. இவ்வளவு உயரமா, இவ்வளவு காற்றா, இவ்வளவு பனியா, ஊரைவிட்டு இவ்வளவு தூரமா என்று ஒதுங்கிவிட்டார்கள். கையில் காசு இல்லாத டேவ் மட்டும்தான் மிச்சம். அனுமதி அவருக்கு வந்தது.

மற்றவர்கள் குறையாகப் பார்த்த பனியை அவர் ஆண்டுக்கணக்கில் எடை போட்டுப் பார்த்தவர். தயக்கமே இல்லாமல் வேலையை விட்டுவிட்டு இறங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முதல் சேர் லிஃப்ட் எப்போது ஓடியது?

1955 நவம்பர், நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையின்போது. இருவர் சேர்ந்து உட்காரும் நாற்காலிகள் கொண்ட லிஃப்ட் அது. கடனுக்குத்தான் கட்டினார்கள். முதலாளி என்று ஒதுங்கி நிற்காமல் டேவும் ஆட்களோடு ஆட்களாக வேலை பார்த்தார். எஞ்சின் கோளாறானால் பழுதுபார்ப்பது, பனியில் புதைந்த வண்டியைத் தோண்டி எடுப்பது எல்லாம் அவர் பழக்கத்தில் இருந்தவை. இன்று மலையில் இருபதுக்கும் மேற்பட்ட லிஃப்டுகள் ஓடுகின்றன, உச்சிவரை கொண்டோலா என்ற மூடிய தொங்கு பெட்டிகள் போகின்றன.

அதே ஆண்டு ஒரு பெரிய விபத்தும் நடந்ததாமே?

ஆமாம். டேவிடம் பயிற்சி பெற்றவர்களில் மிகச் சிறந்தவர் என்று எல்லோரும் சொன்ன ஜில் கின்மான்ட், 1955 ஜனவரியில் யூட்டாவின் ஆல்ட்டாவில் நடந்த ஸ்னோ கப் பந்தயத்தில் விழுந்தார். பிஷப் பகுதியில் வளர்ந்த 18 வயதுப் பெண். ஒலிம்பிக்குக்குப் போவார் என்று நாடே எதிர்பார்த்தது. கழுத்தெலும்பு முறிந்து, தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. பின்னாளில் படித்து ஆசிரியையானார், சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிஷப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார், ஓவியமும் வரைந்தார். 2012-ல் மறைந்தார்.

ஒரு பயிற்சியாளருக்கு அதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. டேவ் பயிற்சியை நிறுத்தவில்லை. அவரிடமிருந்து தேசிய அணிக்குப் பலர் போனார்கள். அவருடைய மகள் பென்னி 1966-ல் சிலியின் போர்ட்டில்லோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்கும் ஸ்லாலம் பிரிவில் வெண்கலம் வென்றார். அப்போது பென்னிக்கு வயது 16.

பனி பெய்யாத ஆண்டுகளில் என்ன செய்தார்கள்?

1976-77 குளிர்காலம் கலிஃபோர்னியாவின் மோசமான வறட்சிகளில் ஒன்று. பனி இல்லை, ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இந்த மலைக்கு அது எவ்வளவு அசாதாரணம் என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு சராசரி ஆண்டில் இங்கே சுமார் 400 அங்குலம் பனி பெய்யும். 2022-23-ல் பிரதான விடுதி அருகே மட்டும் 715 அங்குலம் பெய்தது. அது கிட்டத்தட்ட 60 அடி. வறட்சிக்கும் இப்படிக் கொட்டும் பனிக்கும் நடுவே ஊசலாடும் மலையை நம்பித்தான் ஓர் ஊரே பிழைக்கிறது.

மேமத் எரிமலை என்கிறார்களே, ஆபத்தா?

எரிமலைதான். 7,60,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்வாங்கிய லாங் வேலி பெருங்குழியின் விளிம்பில் இந்த மலை நிற்கிறது. 1980 மே மாதத்தில் அந்தப் பகுதியை ரிக்டர் 6 அளவுக்கு நான்கு நிலநடுக்கங்கள் உலுக்கின. 1982 மே மாதம் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் எரிமலை அபாய அறிவிப்பு வெளியிட்டது. அடுத்து நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம்: வருகிறவர்கள் குறைந்தார்கள், வீட்டு விலை சரிந்தது, ஊரே கோபத்தில் இருந்தது. ஊருக்கு ஒரே ஒரு சாலைதான் என்பதால் இன்னொன்று போட்டார்கள். முதலில் தப்பிக்கும் பாதை என்றுதான் அதற்குப் பெயர். பிறகு அழகுச் சாலை என்று மாற்றிவிட்டார்கள்.

எரிமலை வெடிக்காவிட்டாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1989-ல் தொடர்ச்சியாகச் சிறு நடுக்கங்கள் வந்த பிறகு, 1990-லிருந்து ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில் மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின. மண்ணுக்குள்ளிருந்து கசியும் கரியமில வாயு வேர்களை மூச்சுத் திணறவைத்தது. 2006 ஏப்ரலில் மலையிலிருக்கும் ஆவித் துளை ஒன்றைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டிருந்த பனிச்சறுக்கு மையப் பாதுகாப்புப் பணியாளர்கள், பனி உள்வாங்கி அதற்குள் விழுந்தார்கள். காப்பாற்ற இறங்கியவரும் சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த மலையில் வேலி கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் தயவுசெய்து போகாதீர்கள்.

கடைசியில் விற்றுவிட்டார்களே, அது சரியா?

2005-ல் ஸ்டார்வுட் கேபிடல் நிறுவனம் மையத்தை வாங்கியது. பேசப்பட்ட மதிப்பு 36.5 கோடி டாலர். அதற்கு முன்பே, 1990-களில், இன்ட்ராவெஸ்ட் என்ற நிறுவனம் ஒரு பங்கை வாங்கியிருந்தது. 2017-லிருந்து ஆல்டெரா நிறுவனத்திடம் இருக்கிறது.

குடும்பத்துக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம் என்று வருந்துகிறவர்கள் உண்டு. டிக்கெட் விலையைப் பார்த்தால் அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் விலையில் இல்லை. ஆனால் டேவுக்கு அப்போது 90 வயது. விரைவு லிஃப்டுகள், செயற்கைப் பனி இயந்திரங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கணக்கில் கொட்ட வேண்டிய தொழிலாக இது மாறிவிட்டிருந்தது. தொண்ணூறு வயதுவரை நிர்வாகத்தில் இருந்த மனிதரிடம் ஏன் விற்றாய் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்கு என்ன செய்தார்கள்?

லிஃப்ட் போட்டால் மட்டும் ஊர் வராது. தண்ணீர் வேண்டும், சாலை வேண்டும், பள்ளி வேண்டும். 1950-களில் குளிர்காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் இருந்த இடம் அது. 1984-ல்தான் மேமத் லேக்ஸ் முறையான நகராட்சி ஆனது. அந்த வளர்ச்சியில் டேவின் கை எல்லா இடத்திலும் இருந்தது. 1989-ல் அவர் மேமத் லேக்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். மலையூர்ப் பிள்ளைகள் உயர்படிப்புக்கு ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்பது நோக்கம். இன்று அங்கே செரோ கோசோ சமுதாயக் கல்லூரியின் வளாகம் இருக்கிறது. கல்லூரி வாசலையே மிதிக்காமல் வேலைக்கு வந்த ஒருவர் கட்டியெழுப்பியவற்றில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன், லிஃப்டுகளை அப்புறம்.

விற்ற பிறகு அவர்கள் எப்படி இருந்தார்கள்?

பிஷப் பக்கத்தில்தான். டேவ் கேமராவைத் தூக்கிக்கொண்டு, கரடுமுரடான பாதைகளில் ஓடும் சிறு வண்டியில் மலைகளையும் பாலைநிலத்தையும் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தார். 2020 பிப்ரவரி 8 அன்று பிஷப்பில் காலமானார்.

நேரில் போனால் அவர்கள் தொடர்பான எதைப் பார்க்கலாம்?

பிரதான விடுதிக்குப் போங்கள். வாசலில் பெரிய மேமத் யானைச் சிலை இருக்கும். எல்லோரும் அங்கே படமெடுப்பார்கள். 1955-ல் முதல் சேர் லிஃப்ட் ஏறியது அந்தப் பக்கத்துச் சரிவில்தான். நேரம் இருந்தால் 395-ம் சாலையில் கொஞ்சம் தெற்கே, மக்கீ மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்துங்கள். 85 டாலரில் வந்த கயிறு ஓடிய சரிவு அது. சாலையிலிருந்தே தெரியும்.

விடுதி இருக்கும் இடமே கிட்டத்தட்ட 9,000 அடி. கடல் மட்டத்திலிருந்து நேராகப் போகிறவர்கள் முதல் நாள் தலைவலியோடு திணறுவார்கள். ஓர் இரவு பிஷப்பில் தங்கிவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்து, மறுநாள் காலையில் ஏறினால் உடம்புக்குச் சௌகரியமாக இருக்கும். குளிர்காலத்தில் டயருக்குச் சங்கிலி இல்லாமல் கிளம்ப வேண்டாம். புயல் நாட்களில் மலைக்குப் போகும் சாலையில் சங்கிலி மாட்டச் சொல்லி வண்டியை நிறுத்துவார்கள்.